திருகோணமலைப் பட்டினம்: எந்த வேலைக்கு எந்தக் கந்தோர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெரு விளக்கு எரியவில்லை என்று பிரதேச செயலகத்துக்குப் போகிறவர்களும், பிறப்புச் சான்றிதழ் எடுக்க மாநகரசபைக்கு வருகிறவர்களும் நம் ஊரில் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரே பட்டினத்துக்குள் இத்தனை கந்தோர்கள், அதிலும் பாதிக்கு ஒரே மாதிரிப் பெயர். சனம் கூடுதலாகக் கேட்கும் கேள்விகளையும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறோம்.

மாநகரசபை, பிரதேச சபை, பிரதேச செயலகம் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. முக்கால்வாசி அலைச்சலுக்குக் காரணமே இந்தக் குழப்பம்தான்.

மாநகரசபையும் பிரதேச சபையும் நாம் வாக்குப் போட்டுத் தெரிவு செய்கிற உள்ளூராட்சி மன்றங்கள். குப்பை, வடிகான், ஒழுங்கை, தெரு விளக்கு, சந்தை, மயானம், பொது நூலகம், சோலை வரி (வீடு வளவுக்குச் சபை அறவிடும் வருடாந்த வரி) எல்லாம் அவர்களுடைய பொறுப்பு. பிரதேச செயலகம் மத்திய அரசின் நிர்வாகக் கந்தோர். பிறப்பு, இறப்பு, விவாகச் சான்றிதழ்கள், அஸ்வெசும என்னும் அரச நலன்புரிக் கொடுப்பனவு, அரச காணி, வியாபாரப் பெயர்ப் பதிவு ஆகியவை அங்கே. கிராம உத்தியோகத்தரும் அந்தப் பக்கத்து ஆள்தான், சபையின் ஆள் அல்ல. எல்லாப் பிரதேச செயலகங்களுக்கும் மேலே இருப்பது மாவட்டச் செயலகம், நாம் சொல்லும் கச்சேரி.

பெயர்க் குழப்பம் எங்கே வருகிறது என்றால், நம்முடைய பிரதேச செயலகத்தின் பெயர் ‘பட்டினமும் சூழலும்’. பட்டினத்தைச் சுற்றியுள்ள பகுதிக்கான பிரதேச சபைக்கும் அதே பெயர். ஆனால் செயலகத்தின் எல்லைக்குள் மாநகரசபைப் பகுதியும் வரும், பிரதேச சபைப் பகுதியும் வரும். உப்புவெளியிலும் சாம்பல்தீவிலும் இருப்பவர்களுக்குக் குப்பை அள்ளுவது பிரதேச சபை. நிலாவெளிக்குப் போனால் அது குச்சவெளிப் பிரதேச சபை. கடற்கரை ஓரமாக ஒரே வீதியில் ஓட்டோவில் போய்க்கொண்டிருப்போம். அதற்குள் மூன்று சபைகளின் எல்லைகள் கடந்துவிடும், நமக்குத் தெரிவதில்லை.

உங்கள் வீடு யாருக்குக் கீழ் என்று சந்தேகம் வந்தால் பழைய சோலை வரிப் பற்றுச்சீட்டை எடுத்துப் பாருங்கள். மேலே எந்தச் சபையின் பெயர் இருக்கிறதோ அதுதான் உங்கள் சபை.

நகரசபை என்றுதானே சொல்லி வந்தோம்?

ஆம், நெடுங்காலம் நகரசபைதான். பிறகு தரம் உயர்த்தப்பட்டது. 2025 மே 6ஆம் திகதி நடந்த தேர்தல் மாநகரசபைக்கானது. தவிசாளர் என்பது முதல்வர் என்று மாறியது, செயலாளர் இருந்த இடத்துக்கு ஆணையாளர் வந்தார். பழக்கதோஷத்தில் ‘நகரசபை’ என்று முகவரி எழுதினாலும் கடிதம் போய்ச் சேரும். ஆனால் வங்கிக்கும் நீதிமன்றத்துக்கும் போகிற பத்திரங்களில் புதுப் பெயரையே போடுங்கள்.

இடையில் இரண்டு வருஷத்துக்கு மேல் உறுப்பினர்களே இல்லாமல் இருந்ததே, ஏன்?

2018 பெப்ரவரியில் தெரிவான சபைகளின் காலம், நீடிப்பும் சேர்த்து, 2023 மார்ச்சில் முடிந்தது. அந்த மாதம் 9ஆம் திகதி நடக்கவிருந்த தேர்தலைப் பணமில்லை என்று சொல்லித் தள்ளிப்போட்டார்கள். அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் 2025 மே வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் நாடு முழுவதும் சபைகளை அதிகாரிகள்தான் நடத்தினார்கள். அன்றாட வேலை ஓடியது, குப்பை வண்டி வந்தது. ஆனால் ‘எங்கள் ஒழுங்கைக்கு ஏன் ஒன்றும் இல்லை’ என்று கேட்க வட்டாரத்தில் ஆள் இல்லை. மாகாண சபையின் கதை இதைவிட மோசம். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இல் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலே நடக்கவில்லை.

முதல்வரை நாங்கள் நேரடியாகத் தெரிவு செய்கிறோமா?

இல்லை. உறுப்பினர்களில் 60 வீதமானோர் வட்டாரங்களிலிருந்தும் 40 வீதமானோர் விகிதாசாரப் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். ஒரு கட்சிக்கு அறுதிப் பெரும்பான்மை இருந்தால் முதல்வரை அந்தக் கட்சியே குறிப்பிடும். இல்லாவிட்டால் முதல் அமர்வில் உறுப்பினர்கள் வாக்களித்துத் தெரிவு செய்வார்கள். பகிரங்க வாக்கா இரகசிய வாக்கா என்பதையும் அவர்களே முடிவு செய்வார்கள், சமநிலை வந்தால் திருவுளச்சீட்டு. இந்த முறையில் தனிக் கட்சி ஆட்சி அரிது. அதனால்தான் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் பின்னால் இவ்வளவு பேரம்.

சோலை வரியை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் வருஷத்துக்கு என்ன கிடைக்கும் என்று மதிப்பிட்டு ஒரு தொகை போடுவார்கள். அதன் பெயர் வருடாந்தப் பெறுமதி. மதிப்பீடு செய்வது விலைமதிப்புத் திணைக்களம், சபை அல்ல. அந்தப் பெறுமதியில் எத்தனை வீதம் வரி என்பதைச் சபை தீர்மானிக்கும்.

உதாரணத்துக்கு, பெறுமதி 20,000 ரூபா, வரி 8 வீதம் என்று வையுங்கள். வருஷத்துக்கு 1,600 ரூபா, காலாண்டுக்கு 400. முழு வருஷத்துக்கும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 வீதம் கழிவு, அதாவது 1,440 ரூபாவோடு அலுவல் முடிந்தது. காலாண்டாகக் கட்டுகிறவர் அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதம் கழிவு. பொங்கல் செலவோடு செலவாக இதையும் ஜனவரியில் முடித்துவிடுவதுதான் புத்தி. கட்டாமல் விட்டால் நிலுவையோடு, அதை அறவிடப் பிறப்பிக்கும் ஆணைப்பத்திரத்துக்கான கட்டணமும் ஏறும். மேலும் போனால் அசையும் பொருட்களைக் கைப்பற்றும் அதிகாரமும் சட்டத்தில் உண்டு.

புது மதிப்பீட்டில் எங்கள் வரி மடங்காகிவிட்டது. ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும், ஆனால் திகதி முக்கியம். மதிப்பீட்டு அறிவித்தல் கிடைத்ததும் அதில் போட்டிருக்கும் கடைசித் திகதிக்குள் எழுத்தில் ஆட்சேபணை கொடுக்க வேண்டும். ‘வரி கூடிப்போய்விட்டது’ என்று மட்டும் எழுதினால் எடுபடாது. பக்கத்து வீடுகளின் பெறுமதி, உங்கள் வீட்டின் பரப்பு, கூரை ஓடா அஸ்பெஸ்டஸா, ஒழுங்கைக்குள் வாகனம் வருமா என்பது போன்ற விவரங்களைச் சொல்லுங்கள். விசாரணைக்குக் கூப்பிடுவார்கள், கட்டாயம் போங்கள். வராதவரின் ஆட்சேபணையை ஒதுக்கிவிடுவது சுலபம்.

ஆட்சேபணை கொடுத்தோம்தானே என்று வரி கட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால் கூடுதலாகக் கட்டியதைப் பிறகு கணக்கில் சரிசெய்யலாம். நிலுவை விழுந்தால் அதற்குத் தனியாக அலைய வேண்டும்.

காணி வாங்கி உறுதி முடித்தாயிற்று. வரிப் பதிவில் இன்னும் பழையவரின் பெயர்தான் இருக்கிறது. பரவாயில்லையா?

இன்றைக்குப் பரவாயில்லை. வங்கிக் கடன், கட்டட அனுமதி, விற்பனை என்று ஏதாவது வரும் நாளில் கழுத்தைப் பிடிக்கும். உறுதியின் பிரதியையும் கடைசிப் பற்றுச்சீட்டையும் கொண்டுபோய்ப் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். வங்கி கேட்கும் வீதிக்கோட்டுச் சான்றிதழும் (வீதி எல்லைக்கோடு காணிக்குள் வருகிறதா என்று காட்டுவது) உரித்துச் சான்றிதழும் (வரிப் பதிவில் உரிமையாளர் யார் என்று காட்டுவது) சபையில்தான். வரி நிலுவை இருந்தால் இவை எதுவும் நகராது. எனவே கவுண்டருக்குப் போகும்போது முதலில் நிலுவையைக் கேளுங்கள், பிறகு விண்ணப்பத்தைக் கேளுங்கள்.

வீதி குண்டும் குழியுமாகக் கிடக்கிறது. யாரிடம் சொல்வது?

முதலில் வீதி யாருடையது என்று பார்க்க வேண்டும். அம்பேபுஸ்ஸையிலிருந்து குருநாகல் வழியாக வரும் ஏ6, புத்தளத்திலிருந்து அநுராதபுரம் வழியாக வரும் ஏ12, மட்டக்களப்பு வீதியான ஏ15 ஆகிய பெரிய வீதிகளும் பீ தர வீதிகளும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சீ, டீ தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்குரியவை. மற்றத் தெருக்களும் ஒழுங்கைகளும் சபைக்கு.

நான்காவது வகை ஒன்று உண்டு, அதுதான் தலையிடி: தனியார் பாதை. ஒரு வளவைத் துண்டு துண்டாக வெட்டி விற்றபோது விட்ட பத்தடிப் பாதை சபையின் பதிவில் ஏறாமலே கிடக்கும். இருபது வீடுகள் வந்த பிறகு ‘கொங்கிரீட் போடுங்கள்’ என்று கேட்டால் சபை கைவிரிக்கும். பாதையின் உரிமையாளர்கள் எழுதிக் கொடுத்து, சபை பொறுப்பேற்று, வீதிப் பதிவேட்டில் ஏற்றிய பிறகுதான் பணம் ஒதுக்கலாம். தேர்தல் நேரத்தில் இதைச் சொல்லாமல் கொங்கிரீட் வாக்குறுதி தருபவரிடம், பாதை பதிவில் இருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று: போட்டு ஒரு வருஷமாகாத தெருவைத் தண்ணீர்க் குழாய்க்காக வெட்டிவிட்டு மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போயிருந்தால், சபையிடம் மட்டுமல்ல, வெட்டிய நிறுவனத்திடமும் எழுதுங்கள். வெட்டுவதற்கு அனுமதி எடுக்கும்போதே திருத்துவதற்கான பணமும் பேசப்பட்டிருக்கும்.

தெரு விளக்கு?

விளக்கு சபையுடையது, கம்பம் மின்சார சபையுடையது. பல்பு எரியவில்லையா, சபை. கம்பம் சரிந்திருக்கிறதா, கம்பி தொங்குகிறதா, மின்சார சபையின் 1987. முறைப்பாடு சொல்லும்போது கம்பத்தில் பெயின்டால் எழுதியிருக்கும் இலக்கத்தைச் சொல்லுங்கள். ‘பிள்ளையார் கோவிலுக்குப் பக்கத்துக் கம்பம்’ என்றால், இந்த ஊரில் எந்தப் பிள்ளையார் என்று திருப்பிக் கேட்பார்கள். தண்ணீர்ப் பிரச்சினைக்குத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் 1939. பெயரில் ‘வடிகால்’ இருந்தாலும் உங்கள் வாசல் வடிகானை அவர்கள் துப்புரவு செய்ய மாட்டார்கள்.

மழைக்கு வீட்டு வாசலில் வெள்ளம் நிற்கிறது. வடிகான் இருந்தும் ஏன்?

நமக்குப் பெருமழை வடகீழ்ப் பருவக்காற்றோடுதான், நவம்பரிலிருந்து ஜனவரி வரை. பட்டினம் கடலுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் நிலம். தாழ்ந்த பக்கத்து வடிகான்களுக்குச் சாய்வு குறைவு. கடல் பெருகியிருக்கும் நேரத்தில் தண்ணீர் வெளியேற முடியாமல் தயங்கும்.

அது இயற்கை. மிச்சம் நம் கைவேலை. வடிகானுக்குள் எட்டிப் பாருங்கள்: சோடாப் போத்தல், இளநீர்க் கோம்பை, கட்டட வேலையில் மிஞ்சிய மணல், அதன் மேல் புல். அதைவிடப் பெரிய அடைப்பு, வாகனம் ஏற்றுவதற்காக வீட்டு வாசலில் வடிகானை முழுதாக மூடிப் போட்டிருக்கும் கொங்கிரீட். திறந்து துப்புரவு செய்ய ஒரு மூடிகூட விடாமல் பதினைந்து அடிக்கு அடைத்திருப்பார்கள். சபைத் தொழிலாளி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அள்ளலாம், நடுவில் என்ன செய்வார்? வாசலுக்குப் பலகை போடுவதென்றால் தூக்கி எடுக்கக்கூடிய துண்டுகளாகப் போடுங்கள்.

துப்புரவு செய்யச் சொல்லி எழுதுவதை ஒக்டோபருக்கு முன் எழுதுங்கள். வெள்ளம் வந்த பிறகு வருகிற நூறு அழைப்புகளில் உங்களுடையதும் ஒன்றாகிவிடும். வீட்டுக்குள் தண்ணீர் வந்து இடம்பெயர வேண்டிய நிலை என்றால் அது சபையைத் தாண்டிய விஷயம். கிராம உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கும் அழையுங்கள்.

குப்பையைப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டுமா? வண்டியில் எல்லாம் ஒன்றாகத்தானே போகிறது?

பிரித்துக் கொடுங்கள். உக்கும் குப்பை தனியாகப் போனால் பசளையாக்கலாம், கலந்துபோனால் மேட்டில் கொட்டுவதைத் தவிர வழியில்லை. நாட்டுக்கே பொதுவான நிறங்கள் இவை: உக்குவதற்குப் பச்சை, கடதாசிக்கு நீலம், பிளாஸ்ரிக், பொலித்தீனுக்கு செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு, உலோகத்துக்கு மண்ணிறம். நீங்கள் பிரித்துக் கொடுத்ததைக் கண் முன்னே ஒன்றாகக் கொட்டினால் அதைத் திகதியோடு எழுதி முறைப்பாடு செய்யுங்கள். அந்தக் கோபம் நியாயமானது.

வண்டி வரும் நாளுக்கு முதல் நாள் இரவே பையை வீதியில் வைக்காதீர்கள். மற்ற ஊர்களில் நாயும் காகமும் மட்டும்தான் வரும், நமக்கு மானும் வரும். பிரட்ரிக் கோட்டையிலிருந்து பேருந்து நிலையப் பக்கம் வரை புள்ளிமான்கள் உலாவுவதைப் பார்க்க வெளியூரார் ஆசையாக வருகிறார்கள். கொஞ்சம் நின்று பார்த்தால் தெரியும்: பார்சல் சுற்றிய பொலித்தீனை, ஒட்டியிருக்கும் குழம்புக்காக மான் அப்படியே மென்று விழுங்கும். வயிற்றுக்குள் அது உக்குவதில்லை.

அப்படியானால் மான்கள் சபையின் பொறுப்பா?

மான் வனஜீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பு, மான் தின்னும் குப்பை சபையின் பொறுப்பு. மானைப் பிடிப்பதும் துன்புறுத்துவதும் குற்றம். காயப்பட்ட மானைக் கண்டால் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். கோணேசர் கோவிலுக்குப் போகிற வழியில் பிள்ளைகளிடம் பிஸ்கட்டைக் கொடுத்து ஊட்டச் சொல்லும் பழக்கத்தையும் விட்டால் நல்லது.

கட்டாக்காலி மாடுகள் வேறு விஷயம். அவை முழுக்கச் சபையின் வேலை. பிடித்து அடைத்தால் உரிமையாளர் தண்டப்பணம் கட்டி மீட்க வேண்டும், யாரும் வராவிட்டால் ஏலம். இரவில் வீதி நடுவே படுத்திருக்கும் மாட்டில் மோட்டார் சைக்கிளை மோதியவர்கள் இதை எழுதச் சொல்லத் தேவையில்லை, அவர்களே எழுதுவார்கள்.

மலக்குழியை உறிஞ்சி எடுக்கும் கலி பவுசர் எப்படிப் பெறுவது?

சபையில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால் முறைப்படி வரும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறி எல்லார் குழியும் ஒரே நேரத்தில் நிறையும், வரிசை நீளும். செப்டெம்பரிலேயே எடுத்துவிடுங்கள். குழி மூடி எங்கே என்று வீட்டாருக்கே தெரியாமல் மேலே மாபிள் பதித்திருந்தால் பவுசர்காரர் திரும்பிப் போய்விடுவார்.

மதில் கட்டுவதற்குமா அனுமதி வேண்டும்?

வேண்டும். நகர அபிவிருத்தி அதிகார சபையின் எல்லைக்குள் வரும் இடங்களில் மதிலும் கட்டடம்தான். சபையில் வரைபடத்தோடு விண்ணப்பித்து அனுமதி எடுக்க வேண்டும். வீட்டுக்கென்றால், முடிந்ததும் அனுமதித்தபடியே கட்டியிருக்கிறது என்பதற்கான இணக்கச் சான்றிதழும் எடுக்க வேண்டும். அதை எடுக்காமலே குடிபுகுந்தவர்கள்தான் அதிகம்.

நமக்குக் கூடுதலாக ஒரு சட்டம் கடல். சராசரி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி அதற்குள் கட்டுவதற்குக் கரையோரத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். மூன்று பக்கமும் கடல் இருக்கும் ஊரில் இந்த 300 மீற்றருக்குள் எத்தனை வளவுகள் வரும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் காணி வாங்கி விடுதி கட்ட நினைப்பவர்கள் முற்பணம் கொடுப்பதற்கு முன் இதைக் கேட்க வேண்டும், பிறகு அல்ல. கோட்டைப் பக்கம் என்றால் தொல்லியல் திணைக்களத்தையும் கேட்க வேண்டிவரும்.

சின்னச் சாப்பாட்டுக் கடை ஒன்று போடப் போகிறேன்.

வியாபாரப் பெயர்ப் பதிவு பிரதேச செயலகத்தில், வியாபார உரிமம் சபையில். உரிமத்துக்கு முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதாவது பீ.எச்.ஐ., வந்து பார்ப்பார். உரிமம் டிசம்பர் 31 வரைதான், எந்த மாதம் எடுத்தாலும் சரி. நவம்பரில் எடுக்கப் போகிறவர் அவசரமில்லை என்றால் கடையை ஜனவரியில் திறக்கட்டும். சிறு தொழிற்சாலை வகைகளுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமமும் தேவைப்படும். சிறியவற்றுக்கு அதைச் சபையே கொடுக்கும்.

பல தடவை தொலைபேசியில் சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லை. என்ன செய்வது?

தொலைபேசியை வைத்துவிட்டுப் பேனாவை எடுங்கள். ஆணையாளருக்கு முகவரியிட்டு ஒரு பக்கக் கடிதம், ஒரு கடிதத்தில் ஒரு பிரச்சினை. இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். அந்த நீல வட்ட முத்திரை இருக்கும் தாள்தான் உங்கள் பலம். அடுத்த கடிதம் ‘இத்தனையாம் திகதிய எனது கடிதம் தொடர்பாக’ என்று தொடங்கும், அதற்குப் பதில் சொல்லாமல் விடுவது கஷ்டம். வட்டார உறுப்பினருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். சபையில் எழுப்புவதற்கு அவருக்கும் தாள் வேண்டும். தமிழில் எழுதலாம், தமிழில் பதில் பெறுவதும் உங்கள் உரிமை.

அதற்கும் அசையாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்காதீர்கள், அது தகவல் அல்ல. ‘எங்கள் ஒழுங்கைக்குக் கொங்கிரீட் போட எந்தக் கூட்டத்தில் தீர்மானம் எடுக்கப்பட்டது, ஒதுக்கிய தொகை எவ்வளவு, ஒப்பந்தகாரருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது, அளவீட்டு அறிக்கையின் பிரதி தரவும்’ என்று கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாட்களுக்குள் மேன்முறையீடு, அதற்கும் மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. ஏ4 தாளில் முதல் நான்கு பக்கத்துக்குக் கட்டணமில்லை. கோபமாக நான்கு கடிதம் எழுதுவதைவிட இப்படிக் கேட்கும் ஒரு தாள் கூடுதல் வேலை செய்யும்.

சபைக் கூட்டத்தை நாங்கள் போய்ப் பார்க்கலாமா?

பார்க்கலாம். மாதத்துக்கு ஒரு தடவையாவது பொதுக் கூட்டம் நடக்க வேண்டும், மக்கள் உட்கார்ந்து கேட்கலாம். பேச முடியாது. போக வேண்டிய கூட்டம் ஒன்றே ஒன்றுதான் என்றால் பாதீட்டுக் கூட்டத்துக்குப் போங்கள். வருஷக் கடைசியில் வரும். வாக்குறுதிக்கும் ஒதுக்கிய தொகைக்கும் உள்ள இடைவெளி அங்கேதான் தெரியும்.

சபைக்குப் பணம் வரிமூலம் மட்டும்தானா வருகிறது?

சோலை வரி, கடை வாடகை, உரிமக் கட்டணங்கள், அப்புறம் அரச நிதி. பலருக்குத் தெரியாத ஒன்று முத்திரைத் தீர்வை. காணி விற்கும்போது முதல் 100,000 ரூபாவுக்கு 3 வீதமும் மிச்சத்துக்கு 4 வீதமும் கட்டுகிறோமே, அந்தப் பணம் மாகாணத்தின் வழியாகக் காணி இருக்கும் சபைக்கே வரும். அதனால்தான் உறுதியில் குறைந்த விலை போடுவது கொழும்பை ஏமாற்றுவதல்ல, நம் தெரு விளக்கை ஏமாற்றுவது.

நாங்கள் கனடாவில். வீடு பூட்டிக் கிடக்கிறது. வரியை யார் கட்டலாம்?

யாரும் கட்டலாம். வரி இலக்கம் தெரிந்தால் போதும், பக்கத்து வீட்டுக்காரர்கூடக் கட்டிப் பற்றுச்சீட்டை வட்ஸ்அப்பில் அனுப்பலாம். ஆனால் பெயர் மாற்றம், ஆட்சேபணை, கட்டட அனுமதி போன்றவற்றுக்கு அற்றோணித் தத்துவம், அதாவது உங்கள் சார்பில் செயற்படும் அதிகாரம், எழுதிக் கொடுத்த ஆள் வேண்டும். வெளிநாட்டில் எழுதுவதானால் இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்தி அனுப்புங்கள். அதோடு, பூட்டிய வளவில் தேங்கும் தண்ணீரில் நுளம்பு பெருகினால் பீ.எச்.ஐ. வழக்குப் போடுவது உரிமையாளர் மேல்தான். 2017இல் கிண்ணியாவில் டெங்கு எப்படிப் பரவியது என்று நினைவிருக்கும். மழைக்கு முன் யாரையாவது விட்டுக் கூரைப் பீலியையும் கிணற்றடியையும் பார்க்கச் சொல்லுங்கள்.